தங்கப் பொடியும் தன்னைத் தாக்கும் நோயும்

ஓசூர், கிருஷ்ணகிரி என்ற பெயர்களைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருபவை ரோஜாப்பூ, மாம்பழம், பட்டுக்கூடு ஆகிய மிருதுவான பொருள்கள். அங்கேயே வசிக்கும் ஜனங்களுக்கோ முதலில் நினைவு வருவது தொழிற்சாலைதான். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், கைப்பேசியின் நுண்ணிய பாகங்கள் ஆகிய இத்தனையும் இந்த எல்லைச் சீமையில் உற்பத்தியாகின்றன. பெங்களூர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரம். கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று பாஷைகளும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. அதிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வரிசையாகத் தொழிற்சாலைகளை நோக்கிச் செல்வது இன்று இவ்வூர்களின் நித்திய காட்சி.

அப்படிச் செல்லும் பெண்களின் மூலதனம் என்ன? நிலமா, ரொக்கமா? இரண்டும் இல்லை. பத்து விரல்கள். கடுகளவு திருகாணியை அதன் இடத்தில் வைத்து முடுக்கும் விரல்கள். அந்த விரல்களின் மூட்டுகள் ஒருநாள் காலையில் மடங்க மறுத்துவிட்டால், ஒரு குடும்பத்தின் அடுப்பே எரிய மறுத்துவிடும். அப்படி மடங்க மறுக்கச் செய்யும் ஒரு வியாதியைப் பற்றியும், அதை இரத்தத்தில் முன்கூட்டியே கண்டறிய விஞ்ஞானிகள் தங்கத்தைப் பொடி செய்து கையாளும் ஒரு வித்தையைப் பற்றியும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

காவற்காரனே கள்வனானால்

நம் உடம்புக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. கிருமி புகுந்தால் அதை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஒரு ஆயுதம் வார்த்து, துரத்திப் பிடிப்பது அதன் தொழில். அந்த ஆயுதத்துக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். கிருமி பூட்டு என்றால் எதிர்ப்பொருள் சாவி. ஒரு பூட்டுக்கு ஒரு சாவியே பொருந்தும்.

இந்தக் காவற்படை சில சமயங்களில் வீட்டாரையே திருடர் என்று எண்ணித் தடியெடுத்துவிடுகிறது. அப்போது உண்டாகும் வியாதிகளுக்குத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்று பெயர். ஜெர்மானிய மேதை பால் எர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பற்றி யோசித்தபோது, உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதை இயற்கை அஞ்சி விலக்குகிறது என்று கருதினார். இயற்கை அப்படி அஞ்சுவது உண்மையே; ஆனால் எப்போதும் விலக்கிவிடுவதில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். நம் பாட்டிமார் இதைச் சரவாங்கி என்றார்கள். தோல், சிறுநீரகம், இரத்தம் எல்லாவற்றையும் மாறி மாறித் தாக்கினால் லூபஸ். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தாக்குவது ஒன்று. கோதுமை உண்டவுடன் குடலைத் தாக்கும் சீலியாக் என்பது மற்றொன்று.

இந்நோய்களில் பலவற்றுக்கு ஸ்திரீகளிடம் ஒரு தனிப் பகை உண்டு. முடக்குவாதம் ஓர் ஆணுக்கு வந்தால் சுமார் மூன்று பெண்களுக்கு வருகிறது. லூபஸ் ஓர் ஆணுக்கு வந்தால் ஒன்பது பெண்களுக்கு வருகிறது. அதிலும் பிள்ளை பெறும் வயதிலேயே பெரும்பாலும் வருகிறது. தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிற வயதும் அதுவே. ஆகையால் இவ்விஷயம் நம் எல்லைச் சீமைக்கு அன்னியமானதன்று.

காலமே மருந்து

முடக்குவாதத்தின் கொடுமை வலியோடு முடிவதில்லை. கவனியாமல் விட்டால் அது மூட்டின் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும். அரிக்கப்பட்ட எலும்பு மீண்டும் பழையபடி ஆவதில்லை. ஆனால் நோய் தோன்றிய முதல் சில மாதங்களுக்குள் தக்க மருந்து தொடங்கிவிட்டால், பெரும்பாலோருக்கு அந்த அரிப்பைத் தடுக்கவோ தாமதிக்கவோ முடியும் என்பது இன்று வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட உண்மை.

அந்த மருந்தின் சரித்திரத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தவர். மகாத்மாவின் அழைப்பைக் கேட்டு, அறுவைச் சிகிச்சை வகுப்பிலும் கதர் உடையே அணிந்து வந்தார். ஆங்கிலேய ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை, சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. 1923-இல் அமெரிக்கா சென்ற அந்த மனிதரின் தலைமையில், லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் 1940-களில் உருவான மருந்துகளுள் ஒன்றுதான் மெதோட்ரெக்ஸேட். முதலில் அது புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. பிறகு, மிகச் சிறு அளவில் வாரம் ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்று தெரிந்தது. 1988-இல் அமெரிக்க சர்க்கார் இதற்காக அதை அங்கீகரித்தது. சுப்பாராவ் 1948-லேயே காலமாகிவிட்டார். இன்று உலகெங்கும் முடக்குவாதச் சிகிச்சையின் முதற்படியாக விளங்குவது அந்த மருந்துதான், விலையும் அதிகமில்லை.

மருந்து இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. குறைவாக இருப்பது காலம். “வேலை அதிகம், அதனால் வலிக்கிறது” என்று மூன்று மாதம், தைலம் தேய்த்து மூன்று மாதம், வலி மாத்திரை விழுங்கி ஆறு மாதம் என்று ஓராண்டு ஓடிவிடுகிறது. இந்த ஓராண்டைச் சில வாரங்களாகக் குறைக்க முடியுமா என்பதே கேள்வி. இங்கேதான் இரத்தப் பரிசோதனை வந்து சேருகிறது.

ஆட்டு இரத்தத்திலிருந்து தங்கம் வரை

முடக்குவாதக்காரரின் இரத்தத்தில் ஒரு விசேஷப் பொருள் இருப்பதை 1940-இல் நார்வே தேசத்து எரிக் வாலர் பிரசுரித்தார். அவர் உபயோகித்த கருவி என்ன தெரியுமா? ஆட்டின் இரத்த அணுக்கள்! நோயாளியின் சீரத்தை ஊற்றினால் ஆட்டின் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். 1948-இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸும் அவர் தோழர்களும் இதையே தனியாகக் கண்டு சொன்னார்கள். 1956-இல் சிங்கர், பிளாட்ஸ் என்ற இருவர் ஆட்டை விடுவித்து, செயற்கை ரப்பர்ப் பாலின் நுண்மணிகளை அதன் இடத்தில் வைத்தார்கள். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டு, இரண்டு நிமிஷ ஆட்டல். பால் திரிந்ததுபோல் திரிந்தால் நோய்க்குறி உண்டு. சிறு ஊர்களின் பரிசோதனைச் சாலைகளில் ‘ஆர்.ஏ. ஃபாக்டர்’ என்று சீட்டில் எழுதிக் கொடுக்கப்படும் பரீட்சையின் பூர்வோத்திரம் இதுதான்.

1971-இல் ஸ்வீடன் தேசத்தில் எங்வாலும் பெர்ல்மானும் நொதியைக்கொண்டு நிறம் உண்டாக்கி அளக்கும் எலைசா என்ற முறையை வகுத்தார்கள். 1998-இல் ஹாலந்து விஞ்ஞானிகள் இன்னும் கூரிய ஒரு சாவியைக் கண்டுபிடித்தார்கள். சிட்ருலின் என்ற பொருள் ஏறிய புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் அது. சுருக்கமாக ஆன்ட்டி-சிசிபி என்பார்கள். சிட்ருலின் என்ற பெயர் தர்பூசணியின் தாவரப் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பழத்தில்தான் அப்பொருள் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. தர்பூசணி தின்றால் முடக்குவாதம் வரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். பெயர்ப் பொருத்தத்தோடு சம்பந்தம் முடிந்துவிடுகிறது.

இந்த எதிர்ப்பொருளிடம் ஓர் ஆச்சரியம் உண்டு. பிற்காலத்தில் முடக்குவாதம் அடைந்த சிலர் முன்னே இரத்த தானம் செய்திருந்தார்கள். அந்த இரத்தம் ஆம்ஸ்டர்டாமில் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துப் பார்த்து 2004-இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப்பேருடைய இரத்தத்தில் வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் குறிகள் தோன்றியிருந்தன. நடுத்தரக் கணக்கில் நாலரை ஆண்டு! விரல் அறியும் முன்பே இரத்தம் அறிந்திருக்கிறது.

பொடியாகப் பொடியாகப் பெரிதாகும் அதிசயம்

ஆட்டின் அணு, ரப்பர் மணி, நொதி என்று இந்தச் சரித்திரம் பெரியதிலிருந்து சிறியதை நோக்கி நடந்து வந்திருக்கிறது. அடுத்த படி நானோ. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் இரத்தச் சிவப்பணுவின் அகலம் ஏழாயிரம் எட்டாயிரம் நானோமீட்டர். எதிர்ப்பொருள் சுமார் பத்து நானோமீட்டர். ஆகையால் எதிர்ப்பொருளைப் பிடிக்க, அதன் அளவுக்கு ஏற்ற கை வேண்டும். யானைத் துதிக்கையால் கடுகு பொறுக்கலாம் என்று கதையில் சொல்லலாம். காரியத்தில் விரல்தான் சௌகரியம்.

சிறிதாவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. இதைக் கரும்பலகைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் உள்ள தங்கக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை இரண்டரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. அதன் ஆறு முகங்களின் பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே பத்து நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கிவிட்டால், மொத்தப் பரப்பு அறுநூறு சதுர மீட்டர் ஆகிவிடும். அதாவது சுமார் பதினைந்து சென்ட் மனை! ஓசூரில் இன்று பதினைந்து சென்ட் மனை என்ன விலை என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இரத்தத்திலுள்ள நுண்பொருள் வந்து ஒட்டுவதற்கு இடம் எவ்வளவு பெருகுகிறது என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

அதோடு தங்கம் நிறமும் மாறிவிடுகிறது. பொடிப் பொடியாக நீரில் மிதக்கும் தங்கம் மஞ்சளாக இராது. மாதுளை முத்தைப் போலச் சிவந்திருக்கும். மைக்கேல் பாரடே 1857-இல் இதை ஆராய்ந்து, துகள்கள் மிகச் சிறிதாயிருப்பதே காரணம் என்று எடுத்துக் காட்டினார். அவர் தயாரித்த செந்நிறத் திரவம் சில புட்டிகளில் இன்னும் லண்டனில் பாதுகாக்கப்படுகிறது. 1971-இல் பாக், டெய்லர் என்ற இருவர் இந்தத் தங்கத் துகளின்மேல் எதிர்ப்பொருளைப் பூசும் வழியைக் காட்டினார்கள். அதன் பிறகு தங்கத் துகள் ஒரு தூதனாகிவிட்டது.

தூதன் வேலை செய்யும் விதம் வெகு எளிது. 2020-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கொரோனாக் காலத்தில் நம் வீடுகளில் பலர் பார்த்த அட்டைப் பரிசோதனையை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அட்டையின் ஒரு முனையில் ஒரு சொட்டு இரத்தம். அது காகிதம் போன்ற ஒரு பட்டையில் ஊறிச் செல்கிறது. வழியில் ஓரிடத்தில், நோயின் எதிர்ப்பொருள் வந்து கடிக்கும்படியான இரை ஒரு கோடாகப் பூசப்பட்டிருக்கிறது. நோயின் எதிர்ப்பொருள் இருந்தால் அந்தக் கோட்டில் சிக்கிக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொண்டு தங்கத் துகள்களும் அங்கே குவியும். குவிந்தால் சிவப்புக் கோடு. அதற்கப்பால் இன்னொரு கோடு, “அட்டை பழுதில்லை” என்று சாட்சி சொல்வதற்காக. மின்சாரம் வேண்டாம், பெரிய யந்திரம் வேண்டாம். கால்மணி நேரம் போதும்.

கிருஷ்ணகிரிக்கு வடக்கே எல்லை தாண்டினால் கோலார் தங்கவயல். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியில் இறங்கித் தங்கம் எடுத்த இடம் அது; 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. தங்கத்துக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள உறவும் பழையதே. 1929-இல் பிரெஞ்சு வைத்தியர் ழாக் பொரஸ்தியே தங்க உப்பை ஊசி மூலம் ஏற்றி முடக்குவாதத்துக்குச் சிகிச்சை செய்தார்; பல பத்தாண்டுகள் அது வழக்கில் இருந்தது. அன்று மருந்தாக இருந்த தங்கம் இன்று துப்பறிவாளனாகியிருக்கிறது. நகைக்கடைத் தராசில் நிறுக்க முடியாத அளவு தங்கம் ஓர் அட்டைக்குப் போதும். ஆகவே தங்கம் என்றதும் விலையை எண்ணி யாரும் மலைக்க வேண்டியதில்லை.

ராமனின் ஒளி

கண்ணுக்குத் தெரியும் சிவப்புக் கோட்டுக்கு ஓர் எல்லை உண்டு. “இருக்கிறது, இல்லை” என்று சொல்லும். “எவ்வளவு” என்று சரியாகச் சொல்லாது. மிகக் குறைவாயிருந்தால் பேசாமலிருந்துவிடும். இந்தக் குறையைப் போக்க விஞ்ஞானிகள் கையாளும் வழிகளுள் ஒன்று நமக்குப் பெருமை தருவது.

சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். ஒரு பொருளின்மேல் ஒளி பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதம். மனிதருக்குக் கைரேகை எப்படியோ, பொருளுக்கு இது அப்படி. ஆனால் இந்த ஒளி மிகவும் மங்கலானது. 1974-இல் இங்கிலாந்தில் பிளைஷ்மனும் அவர் தோழர்களும் சொரசொரப்பான வெள்ளியின்மேல் பொருளை வைத்துப் பார்த்தபோது அது எதிர்பாராத அளவு பிரகாசித்தது. வெள்ளி அல்லது தங்கத்தின் நானோ மேடுபள்ளங்கள் அந்த மங்கல் ஒளியை லட்சக்கணக்கான மடங்கு பெருக்கக்கூடியவை என்பது 1977-இல் தெளிவாயிற்று. ஆகவே தங்கத் துகளின்மேல் ராமன் கைரேகை தெளிவாயுள்ள ஒரு சாயத்தை ஏற்றி, அதன்மேல் எதிர்ப்பொருளைப் பூசிவிட்டால், கண் காணாத கோட்டையும் கருவி காணும். சாயத்தை மாற்றி மாற்றி வைத்தால், ஒரே சொட்டு இரத்தத்தில் நாலைந்து வித எதிர்ப்பொருள்களை ஒரே சமயத்தில் தேடலாம். தன்னுடல் தாக்கு நோய்களில் ஒரு குறியை மட்டும் நம்ப முடியாது. பல குறிகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆகையால் இது பெரிய உபகாரம்.

ராமன் 1933-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராகப் பெங்களூருக்கு வந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். அதே கழகத்தில் இன்று நானோ விஞ்ஞானத்துக்கென்றே ஒரு மையம் நடைபெறுகிறது. மத்திய சர்க்கார் 2007-இல் நானோ ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய இயக்கமும் தொடங்கியது. எனவே இந்த வித்தையின் ஒரு வீடு ஓசூரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

ஆனாலும் உண்மையை மறைக்கலாகாது. நானோக் குழல், நானோத் தகடு, ராமன் சாயம் என்று பத்திரிகைகளில் வெளிவரும் புதுமைகளில் பெரும்பாலானவை இன்னும் ஆராய்ச்சிச் சாலையின் வாசற்படியைத் தாண்டவில்லை. தெளிந்த நீரில் அழகாக வேலை செய்யும் துகள், இரத்தத்தில் விழுந்தவுடன் தடுமாறுகிறது. இரத்தம் ஒரு கூட்டுச் சாம்பார்; அதில் மிதக்கும் நூற்றுக்கணக்கான புரதங்கள் துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அதன் கண்ணை மறைத்துவிடும். வெயிலிலும் ஈரத்திலும் பூசிய எதிர்ப்பொருள் கெட்டுப்போவதும் உண்டு. இன்று செய்த ஆயிரம் அட்டையும் நாளை செய்யும் ஆயிரம் அட்டையும் ஒரே மாதிரி பேச வேண்டும். இவற்றையெல்லாம் வென்று வெளியே வந்து உழைப்பது இன்றைக்கும் பெரும்பாலும் அந்தப் பழைய சிவப்புத் தங்கக் கோடுதான்.

செவிலியின் பையில் ஒரு அட்டை

அந்த எளிய கோடு எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு ஹங்கேரி தேசத்திலிருந்து ஒரு திருஷ்டாந்தம். அங்கே ஒரு மாவட்டத்தில் கிராமச் செவிலியர்களிடம் சீலியாக் நோய்க்கான விரல்குத்தும் அட்டையைக் கொடுத்தார்கள். பள்ளியில் சேரும் ஆறு வயதுக் குழந்தைகள் 2,690 பேரை அவர்கள் பரிசோதித்தார்கள்; முடிவு 2007-இல் வெளியாயிற்று. நோய் உறுதியான குழந்தைகள் 37 பேர். அவர்களில் முன்பே நோய் தெரிந்திருந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே! மற்றவர்கள் தெரியாமலே வளர்ந்துகொண்டிருந்தவர்கள். அட்டை குற்றமற்றது அல்ல. சிலரைத் தவறவிட்டது, பரிசோதனைச் சாலைதான் அவர்களைக் கண்டுபிடித்தது. எனினும் ஒரு செவிலி, ஒரு சொட்டு இரத்தம், ஓர் அட்டை ஆகிய இம்மூன்றும் சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாசலுக்கே வராத நோயையும் கண்டுபிடிக்கலாம் என்பது ருசுவாயிற்று.

இந்தச் செவிலியை நாம் ஹங்கேரியில் தேட வேண்டியதில்லை. “மக்களைத் தேடி மருத்துவம்” என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பட்ட இடம், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளி கிராமம்தான். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று பார்ப்பது அதன் நோக்கம். வாசலில் வந்து நிற்கும் பெண்ணிடம் விரலை நீட்டிச் சொட்டு இரத்தம் கொடுக்க நம் கிராமத்துத் தாய்மார்கள் பழகிக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு ஒரு சர்க்கார் வைத்தியக் கல்லூரியும் வந்தது. வீட்டுவாசலும் கல்லூரியும் நம்மிடம் இருக்கின்றன. இடையிலே வேண்டியது ஒரு பாலம்: எந்தப் பெண்ணின் கையைப் பார்த்துச் சந்தேகப்படுவது, யாருக்கு அட்டை வைப்பது, கோடு சிவந்தால் எங்கே, எத்தனை நாளைக்குள் அனுப்புவது என்ற ஒழுங்கு. அஞ்செட்டி, தளி மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தி ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, பெங்களூர் சென்று, இரத்தம் கொடுத்து, முடிவுக்காக மறுபடியும் ஒருநாள் கூலியை விடுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

கூர்மை மட்டும் போதுமா?

இவ்வளவும் படித்த நேயர் ஒருவர், “அப்படியானால் எல்லோருக்கும் இந்தப் பரீட்சையைச் செய்துவிடலாமே!” என்று கேட்கக்கூடும். இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். இன்னுமொரு கரும்பலகைக் கணக்கு.

ஆன்ட்டி-சிசிபி பரீட்சை, நோயுள்ள நூறு பேரில் சுமார் 67 பேரைக் கண்டுபிடிக்கும்; நோயில்லாத நூறு பேரில் சுமார் ஐந்து பேரைத் தவறாக நோயாளி என்று சொல்லும். ஒரு தொழிற்சாலையில் ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு முடக்குவாதம் என்று சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எல்லோரையும் பரிசோதித்தால், அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் அகப்படுவார்கள். மற்ற 990 பேரிலோ சுமார் ஐம்பது பேருக்குப் பொய்க்கோடு சிவக்கும். ஆக, கோடு சிவந்தவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவரே மெய்யான நோயாளி. மற்ற ஏழு பேருக்குத் தூக்கம் போகும், பணம் போகும், சில வீடுகளில் கலியாணப் பேச்சும் நின்றுபோகும்.

அதையே மாற்றிச் செய்வோம். விரல் மூட்டு வீங்கி, காலையில் வெகுநேரம் விறைத்திருக்கும் நூறு பேரை மட்டும் வைத்தியர் பொறுக்கி எடுக்கிறார். அவர்களில் முப்பது பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மெய்க்கோடு இருபது, பொய்க்கோடு மூன்று அல்லது நான்கு. அட்டை அதே அட்டை. இரத்தமும் அதே இரத்தம். கேட்கும் இடம் மாறியவுடன் அதன் சாட்சி மாறிவிட்டது!

லூபஸ் நோய்க்காகச் செய்யப்படும் ‘ஏ.என்.ஏ.’ பரீட்சையிலும் இதே கதை. 1997-இல் பல தேசத்துப் பரிசோதனைச் சாலைகள் சேர்ந்து ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தையே பார்த்தன. நாற்பது மடங்கு நீர்த்த நிலையில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் குறி காட்டியது. 160 மடங்கு நீர்த்த நிலையில்கூட நூற்றுக்கு ஐந்து பேருக்குக் காட்டியது. ஆகவே நானோ வித்தையால் பரீட்சையின் கண் கூர்மையாகக் கூர்மையாக, இந்த அற்பச் சுவடுகளும் அதிகமாகத் தென்படும். சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் மாவும் நிற்கும், தவிடும் நிற்கும்; புடைக்கத் தெரிந்த கை வேண்டும்.

இதனால்தான் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் 2010-இல் முடக்குவாதத்துக்கு மதிப்பெண் முறை ஒன்று வகுத்தபோது, மொத்தம் பத்து மதிப்பெண்ணில் எதிர்ப்பொருள் பரீட்சைக்கு அதிகபட்சம் மூன்றே கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட மூட்டுகளின் எண்ணிக்கைக்கு ஐந்து. இரத்தத்தில் அழற்சி அடையாளத்துக்கு ஒன்று. ஆறு வாரம் நீடித்ததற்கு ஒன்று. ஆறு வாங்கினால்தான் நோய் என்று வகைப்படுத்தலாம். மாணவன் ஒரே பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கினாலும் தேறமாட்டான் என்பது போல, அட்டை எவ்வளவு சிவந்தாலும் தனியாகத் தேறாது. அட்டை வெளுத்திருந்தாலும் நோய் இல்லை என்று தீர்த்துவிட முடியாது.

ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியது இரண்டே விஷயங்கள். முதலாவது: வீட்டில் எந்தப் பெண்ணாவது, “காலையில் எழுந்தால் அரைமணி, ஒருமணி நேரம் விரல் மடங்கவில்லை, மோதிரம் கழலவில்லை, கையை யாராவது அழுத்திப் பிடித்தால் வலிக்கிறது” என்று சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அதை வேலை அலுப்பு என்று தள்ளவேண்டாம். உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொன்னால் பரிசோதனை செய்யுங்கள். இரண்டாவது: எந்தக் குறையும் இல்லாதவர்கள், “முழு உடல் பரிசோதனை, சலுகை விலை” என்ற விளம்பரத்தைக் கண்டு இந்த எதிர்ப்பொருள் பரீட்சைகளை விலைக்கு வாங்கி மனக்கவலையையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.

சர்க்காருக்கும் தொழிலதிபர்களுக்கும் சொல்லவேண்டியது இன்னும் சுருக்கமானது. தொழிற்சாலை வைத்திய அறையில் இருக்கும் நர்ஸுக்கும், வீடு தேடி வரும் சுகாதாரப் பெண்ணுக்கும், முடக்குவாதத்தின் முதல் அடையாளங்களைக் கற்றுக்கொடுக்க ஒருநாள் போதும். நம்பத்தக்க தங்க அட்டைகளைத் தக்கவர்களுக்கு மட்டும் உபயோகிக்கும்படி அவர்கள் கையில் கொடுக்கலாம். கோடு சிவந்த பெண்ணை வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காமலிருக்கலாம். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

தங்கத்தைப் பொடித்து இரத்தத்தின் இரகசியத்தைக் கேட்க விஞ்ஞானம் வழி கண்டுவிட்டது. கேட்ட இரகசியம் விரல்கள் வளைவதற்கு முன் அந்தப் பெண்ணின் காதுக்கு எட்டவேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது.